கோரை முளைத்த மூலையில் செடி வைத்த பதிவு

வீட்டின் பின்பக்கம் ஒரு மூலை. ஒருபுறம் வீட்டுச் சுவர், எதிர்ப்புறம் சுற்றுச்சுவர், தலைக்கு மேல் பெரிய மரம். நீளம் 5 மீட்டர், அகலம் இரண்டேகால் மீட்டர். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் அங்கேதான் வந்து முடிகிறது. சுற்றுச்சுவர் ஓரத்தில் ஒரு தோட்டக்குழாய், வாஷர் தேய்ந்துபோய் எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும். சுவரெல்லாம் பாசி. மழை நின்று நான்கு நாளானாலும் செருப்பு புதையும் சேறு.

அந்த மூலையில் மூன்று வருடமாக ரோஜா, செம்பருத்தி, மல்லி என்று வரிசையாக வைத்து, வரிசையாகவே சாகடித்தேன். ஒவ்வொரு முறையும் செடி சரியில்லை, உரம் போதவில்லை என்று ஒரு சமாதானம். தோட்ட வேலைக்கு வந்த பெரியவர் ஒருவர்தான் அதை உடைத்தார்.

"தம்பி, அந்த மூலையில தானா என்ன முளைக்குதுன்னு பாத்தீங்களா?"

"கோரைங்க. பிடுங்கப் பிடுங்க வருது."

"அப்புறம் எதுக்கு ரோஜாவோட மல்லுக்கட்டுறீங்க?"

கோரை அடர்ந்து வந்தால் அடியில் தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் கோரையைக் களை என்று மட்டுமே பார்த்தேனே தவிர, அது சொல்லும் சேதியைக் காதில் வாங்கவில்லை. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்: இந்த இடத்தைக் காயவைக்கப் போராட வேண்டாம், ஈரத்தையும் நிழலையும் விரும்புகிற, வருடக்கணக்கில் நிலைத்து நிற்கிற செடிகளாகப் பார்த்து வைக்கலாம். அதன் பிறகு நடந்த ஒன்றரை வருட வேலையின் குறிப்பு இது. சொதப்பல்களைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன், உருப்படியாகக் கற்றுக்கொண்டதெல்லாம் அங்கேதான் என்பதால்.

முதல் மூன்று வாரம்: செடியே வாங்கவில்லை

வாங்கியிருந்தால் பணம்தான் போயிருக்கும். இணையத்தில் 'ஈர நிழலுக்கான செடிகள்' என்று தேடினால் வருவதெல்லாம் ஹோஸ்டா, அஸ்டில்பே, ப்ரிமுலா. குளிர் நாட்டுத் தோட்டங்களில் இவை அள்ளிக்கொண்டு வரும். ஆனால் ஹோஸ்டாவுக்குக் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கியே ஆகவேண்டும். அந்தக் குளிர் கிடைக்காத இடத்தில் வருடத்துக்கு வருடம் சிறுத்து, கடைசியில் மறைந்துவிடும். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டதோடு விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக இடத்தை அளந்தேன். வெளிச்சத்துக்குக் கைப்பேசியில் ஒரு லக்ஸ் மீட்டர் செயலி. துல்லியம் எதிர்பார்க்கக் கூடாது, ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். உச்சிவெயிலில் திறந்தவெளியில் ஒரு லட்சம் லக்ஸ் வாக்கில் காட்டியது. அதே நேரத்தில் மூலையின் உட்பகுதியில் 1,500, வாசல் பக்கம் திறந்த முனையில் 8,000. இடையிடையே இலை இடுக்கில் விழும் வெயில் பொட்டுகள். ஆக உள்ளே அடர்நிழல், வெளியே வடிகட்டிய நிழல். ஒரே மூலைக்குள்ளேயே ஐந்து மடங்கு வித்தியாசம்.

அடுத்தது தண்ணீர். 30 செ.மீ. ஆழம், 30 செ.மீ. அகலத்தில் ஒரு குழி தோண்டி, நிரம்பத் தண்ணீர் விட்டு இரவு முழுக்க வடியவிட்டேன். காய்ந்த மண் முதல் தடவை தண்ணீரை வேகமாகக் குடித்துவிடும், அந்தக் கணக்கு பொய்க்கணக்கு. மறுநாள் மறுபடி நிரப்பி, ஸ்கேலை நிறுத்திவைத்துப் பார்த்தேன். மணிக்கு 1 செ.மீ. இறங்கியது. மணிக்கு இரண்டரை செ.மீ.க்குக் குறைந்தாலே வடிகால் மோசம் என்று கணக்கு. குழி தோண்டும்போது அடியில் கடப்பாரை 'ணங்'கென்றது. ஏதோ கல் என்று அன்று விட்டுவிட்டேன். அந்தச் சத்தத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வெளியே எடுத்த மண்கட்டியைப் பிளந்து பார்த்தபோது மேலே வழக்கமான பழுப்பு. ஒரு சாண் கீழே நீலம் கலந்த சாம்பல் நிறம், அதற்குள் துருப்பிடித்த கம்பி மாதிரி செம்மஞ்சள் கோடுகள். மூக்கருகே கொண்டுபோனால் அழுகிய முட்டை வாடை. மண்ணில் காற்று இருக்கும்வரை அதிலுள்ள இரும்பு துரு நிறத்தில் இருக்கும். தண்ணீர் நின்று காற்று போய்விட்டால் நுண்ணுயிரிகள் இரும்பின் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும், மண் வெளுத்துச் சாம்பலாகிவிடும். கந்தகத்திலும் கைவைக்கும்போது வருவதுதான் ஹைட்ரஜன் சல்ஃபைட், அந்த முட்டை வாடை. சாம்பல் மண்ணுக்குள் ஓடிய செம்மஞ்சள் கோடுகளை நகத்தால் பிரித்தேன். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கோரை வேர் இருந்தது. வேர் கசியவிட்ட காற்று, சுற்றியிருந்த இரும்பை மறுபடி துருவாக்கியிருக்கிறது. காற்றில்லாத சேற்றுக்குள் கோரை தன் காற்றைத் தானே எடுத்துக்கொண்டுதான் இறங்கியிருக்கிறது. ரோஜாவுக்கு அந்த வித்தை தெரியாது.

கடைசியாக மட்டம். கண்ணுக்கு எல்லாம் ஒரே தரையாகத்தான் தெரிந்தது. கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பை வாங்கி, ஒன்பது இடத்தில் குச்சி நட்டு அளந்தேன். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 11 செ.மீ. வித்தியாசம், அவ்வளவுதான். அடுத்த மழைக்குப் பிறகு ஒவ்வொரு குச்சியிலும் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது என்று எழுதிவைத்தேன். பள்ளத்தில் ஆறு நாள். நடுவில் ஒன்றரை நாள். மேட்டில் தண்ணீர் நிற்கவேயில்லை, விரலை விட்டால் ஈரம் மட்டும் இருந்தது. வெறும் 11 செ.மீ.க்குள் மூன்று நிலம். நான் மூன்று வருடமாக அதை ஒரே நிலம் என்று நினைத்துச் செடி வைத்திருக்கிறேன்.

பள்ளத்தை இன்னும் பள்ளமாக, மேட்டை இன்னும் மேடாக

திட்டம் எளிது. நடுப்பள்ளத்தைக் கொஞ்சம் ஆழமாக்கி, அந்த மண்ணைச் சுற்றுச்சுவர்ப் பக்கம் மேடாகப் போடுவது. வீட்டுச் சுவர்ப் பக்கம் கிட்டவே போகவில்லை. சுவரை ஒட்டி 60 செ.மீ. அகலத்துக்கு ஜல்லி பரப்பிக் காலியாக விட்டேன். மண் மட்டம் சுவரின் டி.பி.சி.க்கு, அதாவது தரை ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்குக்கு, 15 செ.மீ. கீழேயாவது இருக்க வேண்டும். செடிக்காகச் சுவரில் ஈரம் ஏறவிட்டால் பிறகு பூச்சு உதிரும்போது வேறு பதிவு எழுத வேண்டியிருக்கும்.

முன்கூட்டியே ஒரு கணக்குப் போட்டேன், இதைப் போடாமல் தோண்டக் கூடாது. 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். அந்தக் குழாய்க்கு வரும் மொட்டைமாடிப் பகுதி 24 சதுர மீட்டர். 25 மி.மீ. மழைக்கே 600 லிட்டர் இறங்கும். இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 20 செ.மீ. ஆழத்தில் பக்கங்களைச் சரிவாக வெட்டினால் என் பள்ளம் கொள்வது சுமார் 250 லிட்டர். மீதி எங்கே போகும்? போகும் வழியை நான் சொல்லாவிட்டால் அது வீட்டுப்பக்கம்தான் வரும். சுற்றுச்சுவர் அடியில் பழைய மழைநீர்த் துளை ஒன்று அடைந்துகிடந்தது. அதைக் கம்பி விட்டுத் திறந்து, பள்ளத்தின் விளிம்பில் அந்தத் திசைக்கு ஒரு கையகல வாய்க்கால் வெட்டினேன். விளிம்பு மற்ற எல்லாப் பக்கமும் அந்த வாய்க்காலைவிட 5 செ.மீ.யாவது உயரமாக இருக்கும்படி டியூப் வைத்தே சரிபார்த்தேன்.

தோண்டியதில் முதல் தப்பு, அவசரம். மழை விட்ட மறுநாளே இறங்கிவிட்டேன். களிமண் மண்வெட்டியில் அப்பிக்கொண்டது, மிதித்த இடமெல்லாம் செங்கல் மாதிரி இறுகியது. ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் குத்தினால் பொலபொலவென்று உதிர வேண்டும். மாவு மாதிரி வழுக்கினால் காத்திருக்க வேண்டும். ஐந்து நாள் காத்திருந்து, நிற்பதற்கு ஒரு பலகை போட்டுக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். பலகை எடையைப் பரப்பிவிடும், கால் புதையாது.

இரண்டாவது தப்பு மணல். களிமண்ணை இளக்க மணல் கலக்கலாம் என்று இரண்டு மூட்டை கொட்டிக் கிளறினேன். களிமண்ணில் கொஞ்சம் மணல் போட்டால் இளகாது. மணல் மணிகளுக்கு இடையே களி புகுந்துகொண்டு காய்ந்ததும் காரை மாதிரி ஆகிவிடும். மணலே பெரும்பங்காக இருந்தால்தான் குணம் மாறும், அதற்கு லாரி வேண்டும். கலந்த இடத்தைக் காயவிட்டுத் தட்டிப் பார்த்தேன், ஓடு மாதிரிச் சத்தம் வந்தது. பிறகு இலைமக்கும் நன்றாக மக்கிய தொழு உரமும்தான் போட்டேன். மரத்தடியில் பெருக்கிக் குவித்த சருகு இரண்டு வருடமாக ஒரு மூலையில் கிடந்தது. சல்லடையில் சலித்தால் காப்பித்தூள் மாதிரி வந்தது. அது போதுமானதாக இருந்தது.

அப்புறம் அந்த 'ணங்'. 25 செ.மீ. ஆழத்தில் பள்ளம் முழுக்கக் கடப்பாரை அதே சத்தம் போட்டது. தோண்டிப் பார்த்தால் கல் இல்லை, வீடு கட்டியபோது கொட்டி மிதித்த இடிபாடு. உடைசெங்கல், காரைக்கட்டி, கழுவி ஊற்றிய சிமெண்ட் எல்லாம் சேர்ந்து 8, 10 செ.மீ. கனத்துக்கு ஒரு தளம் மாதிரி இறுகியிருந்தது. யார் கட்டினார்கள் என்ற பேச்சு இப்போது வேண்டாம். மூன்று வருடமாக நான் செடி வைத்தது ஓட்டை இல்லாத தொட்டியில்.

முழுவதையும் எடுக்க முடியாது, மரத்தின் வேர்களும் ஊடே ஓடின. பெருவிரலைவிடக் கனமான வேர் எதையும் தொடாமல், ஐந்து இடத்தில் கடப்பாரையால் அந்தத் தளத்தைத் துளைத்து அடிமண் தெரியும்வரை உடைத்தேன். துளைகளில் உடைசெங்கலும் மேலே சருகும் போட்டு நிரப்பினேன். ஒரே ஒரு பக்கம், வாளி வைக்கிற அளவுக்கு இடத்தை மட்டும் உடைக்காமல் விட்டேன். சேற்றில் நிற்கிற செடிகளுக்கு அது. அங்கே குழியாக விடாமல் விளிம்புவரை மண் நிரப்பினேன். கொசு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர வெதுவெதுப்பான காலத்தில் ஏழிலிருந்து பத்து நாள் போதும். எனவே என் விதி: சேறு இருக்கலாம், கண்ணுக்குத் தெரியும்படி தண்ணீர் மூன்று நாளுக்குமேல் நிற்கக் கூடாது. அடுத்த மழையில் குச்சியைப் பார்த்தேன். ஆறு நாள் நின்ற தண்ணீர் இரண்டே நாளில் போயிருந்தது.

என்னென்ன வைத்தேன்

அடிப்பள்ளத்துக்குக் குடைக்கோரை, கருநிறத் தண்டுள்ள அலங்காரச் சேம்பு, வசம்பு. நடுமட்டத்துக்கு இஞ்சி லில்லி, ஸ்பைடர் லில்லி, தரையை மூட வல்லாரை. மேட்டுக்குப் பெரணி, கலாதியா. திறந்த முனையில் கல்வாழை. பீஸ் லில்லியை எங்கே வைத்தேன் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

குடைக்கோரையை நர்சரியில் 'அம்பர்லா பாம்' என்பார்கள். பாமும் இல்லை, பனையும் இல்லை, அசல் கோரை இனம். மடகாஸ்கர் பக்கத்துச் செடி. இதைப் பெருக்குகிற விதம் எனக்கு இன்னும் விளையாட்டாகவே இருக்கிறது. குடை மாதிரி விரிந்த தலையைத் தண்டு நான்கு விரல் இருக்கும்படி நறுக்கி, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, தலைகீழாகத் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். குடை கீழே, தண்டு மேலே. இரண்டு மூன்று வாரத்தில் இலைகள் சேரும் மையத்திலிருந்து வெள்ளை வேர் இறங்கும், தண்டின் பக்கத்திலிருந்து பச்சை முளை எழும். ஒரு செடி வாங்கினேன், இப்போது பதினொன்று.

சேம்பை நடும்போது ஒரு காம்பு ஒடிந்தது. குறுக்காக நறுக்கிப் பார்த்தேன். ரஸ்க் மாதிரி உள்ளே முழுக்கத் துளை. தண்ணீரில் அமுக்கிப் பிசைந்தால் நுரைநுரையாகக் காற்று வந்தது. இலை வாங்கும் காற்று இந்தத் துளைகள் வழியாகத்தான் சேற்றிலிருக்கும் வேருக்குப் போகிறது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைப்போலத் தண்ணீரில் பரவாது, சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் போகும். அதனால் தேங்கிய மண்ணில் வாழ்கிற செடி ஒவ்வொன்றும் உடம்புக்குள்ளேயே ஒரு குழாய் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கும். ஆனால் நறுக்கிய கையோடு முகத்தைத் தொட்டுவிட்டேன். சேம்புச் சாற்றில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள், அரை மணி நேரம் கன்னம் பிடுங்கித் தின்றது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இஞ்சி லில்லியின் கிழங்கை ஆழமாகப் புதைக்கக் கூடாது. 3 முதல் 5 செ.மீ. மண் மேலே இருந்தால் போதும், வளர வளரத் தோள்பட்டை தெரிகிற மாதிரி அது தானே மேலே வந்துவிடும். வெள்ளைப்பூ வகைதான் வைத்தேன். கியூபாவின் தேசிய மலர் அது, அங்கே அதன் பெயருக்குப் பட்டாம்பூச்சி என்று பொருள். பூ அப்படித்தான் இருக்கும். சாயங்காலம் மணம் எழும்பினால் பின்கதவைச் சாத்த மனம் வராது.

ஸ்பைடர் லில்லியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வைத்தேன், வந்தது. ஈரத்திலும் நின்றது, வறட்சியிலும் நின்றது. எல்லாச் செடியும் இப்படி இருந்தால் இந்தப் பதிவே வேண்டியிருக்காது.

பீஸ் லில்லி சாய்ந்தது

'ஈரம் விரும்பி, நிழல் விரும்பி' என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கிற செடி என்பதால், யோசிக்காமல் நான்கு பீஸ் லில்லியைப் பள்ளத்தின் ஓரத்தில் வைத்தேன். பத்தாவது நாள் நான்கும் துணி மாதிரி தொங்கின. தண்ணீர் போதாவிட்டால் பீஸ் லில்லி இப்படித்தான் தொங்கும் என்று தெரியும். ஆனால் அடியிலோ சேறு. குழம்பிப்போய், அந்த அறிவுகெட்ட வேலையையும் செய்தேன்: இரண்டு குவளைத் தண்ணீர் விட்டேன்.

மறுநாள் ஒன்றைத் தோண்டி எடுத்தேன். வேர் வெள்ளையாக, தொட்டால் விறைப்பாக இருக்க வேண்டும். பழுப்பாக, கொழகொழவென்று இருந்தது. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். மேல்தோல் உறை மாதிரிக் கழன்று கையோடு வந்தது, உள்ளே நூல் மட்டும் மிச்சம். அழுகல் நோயின் கைரேகை அது. தண்ணீருக்குள்ளேயே நின்று தாகத்தில் செத்துக்கொண்டிருந்தது செடி. காற்றில்லாமல் வேர் மூச்சுத்திணறினால் தண்ணீரை மேலே ஏற்றத் தெம்பிருக்காது, மூழ்கிய வேரில் பித்தியம் மாதிரி அழுகல் கிருமிகள் சுலபமாக ஏறிவிடும்.

அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் ஓடைக்கரை ஓரமாக வளர்கிற இனம் இது. ஓடைக்கரை என்பது ஓடுகிற தண்ணீர், கரிச்சத்தான உதிரி மண், காற்று. என் பள்ளமோ நின்ற தண்ணீரும் களியும். இரண்டுக்கும் 'ஈரம்' என்று ஒரே பெயர் வைத்ததில்தான் நான்கு செடியும் சாய்ந்தன.

இரண்டைத்தான் காப்பாற்ற முடிந்தது. அழுகிய வேரைச் சுத்தமான கத்தரியால் நல்ல பகுதிவரை வெட்டி, இலைகளிலும் பாதியைக் குறைத்தேன். வேர் பாதி போய்விட்டால் முழு இலைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாதல்லவா. தென்னைநார்க் கழிவும் கரித்துண்டும் கலந்த தொட்டியில் ஒன்றரை மாதம் வைத்து, புது வெள்ளை வேர் கண்டதும் மேட்டில் நட்டேன். நின்றுகொண்டன. பள்ளத்திலிருந்து 30 செ.மீ. உயரம்தான் வித்தியாசம்.

மேட்டில் மஞ்சள்

மேட்டை நான் சந்தேகப்படவேயில்லை. ஆனால் அங்கே எட்டிப்பார்த்த இஞ்சி லில்லி இரண்டுக்கும் புது இலை மஞ்சளாக வந்தது, நரம்பு மட்டும் பச்சை. பழைய இலைகள் நன்றாகவே இருந்தன. தழைச்சத்துக் குறைவு என்றால் முதலில் பழைய இலை மஞ்சளாகும். புது இலையில் நரம்பு பச்சையும் இடை மஞ்சளுமாக இருந்தால் பெரும்பாலும் இரும்புக் குறை.

சாம்பல் மண்ணில் அவ்வளவு இரும்பைப் பார்த்த இடத்தில் இரும்புக் குறையா என்று நம்ப முடியவில்லை. ஒரு கரண்டி மண்ணில் வினிகர் ஊற்றினேன். சோடா மாதிரி நுரைத்தது. சுண்ணாம்பு! இடிபாட்டை உடைத்தபோது கிளம்பிய காரைத்தூளை மண்ணோடு மண்ணாக அள்ளி மேட்டில் போட்டது நான்தான். சுண்ணாம்பு ஏறினால் மண்ணின் காரத்தன்மை கூடும். இரும்பு இருந்தும் வேரால் அதைக் கரைத்து எடுக்க முடியாது.

மேட்டின் பாதியை மறுபடி அள்ளிச் சலித்தேன். இரண்டு வாளி காரைக்கட்டி வந்தது. இலைமக்கைக் கூடுதலாகக் கலந்தேன். உடனடி நிவாரணத்துக்கு இரும்புச் செலேட் (வேர் எடுத்துக்கொள்ளும்படி இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் உரம்) வாங்கும்போது ஒரு விஷயம்: ஈ.டி.டி.ஏ. வகை சுண்ணாம்பு மண்ணில் நிற்காது, ஈ.டி.டி.எச்.ஏ. வகைதான் வேலை செய்யும். முதலில் மலிவானதை வாங்கி ஊற்றிவிட்டு ஒரு மாதம் வேடிக்கை பார்த்தவன் சொல்கிறேன். சரியானதை ஊற்றிய பிறகு வந்த இலைகள் பச்சையாக வந்தன. மஞ்சளாக வந்த பழைய இலைகள் கடைசிவரை அரைகுறையாகத்தான் தேறின.

கல்வாழை, நத்தை, கோடை

கல்வாழை ஈரத்துக்குப் பயப்படாது, சேற்றிலேயே நிற்கும். ஆனால் ஆறு மாதமாக இலையாகவே விட்டது, ஒரு பூ இல்லை. அதற்கு வெயில் வேண்டும், ஐந்தாறு மணி நேரமாவது. நிழல் என்ற பாதியை மறந்து ஈரம் என்ற பாதியை மட்டும் பார்த்து வைத்தது அது. பெயர்த்து முன்பக்கம் கொண்டுபோனேன், இரண்டு மாதத்தில் பூத்தது.

நத்தைகளுக்கு நான் விருந்து வைத்த மாதிரி ஆயிற்று. கலாதியா இலைகளில் வட்ட வட்டமாக ஓட்டை. இரவு ஒன்பது மணிக்கு டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. முதல் வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு நாள். வெறுங்கையால் எடுக்கக் கூடாது, பெரிய ஆப்பிரிக்க நத்தைகளில் எலி நுரையீரல் புழு இருக்கலாம், அது மனிதரின் மூளை உறையைத் தாக்கும். மருந்து போட்டே ஆகவேண்டுமென்றால் அயர்ன் பாஸ்பேட் குருணை. மெட்டால்டிஹைட் குருணையை நாய் தின்றால் உயிருக்கே ஆபத்து, அதனால் அதை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. மண்மேல் பரப்பும் சருகு மூடாக்கைச் செடியின் தண்டுக்கு ஒரு கை தள்ளிப் போட்டதில் நத்தையும் குறைந்தது, பெரணியின் குருத்து அழுகுவதும் நின்றது. பெரணியின் குருத்தை மண்ணாலோ சருகாலோ மூடவே கூடாது.

வல்லாரை அடங்காது. ஓடுதண்டு விட்டு, கணுவுக்குக் கணு வேர்பிடித்து, மூன்று மாதத்தில் வசம்பின் அடியைச் சூழ்ந்துவிட்டது. மாதம் ஒரு முறை விளிம்பு கட்டி அறுத்துவிடுகிறேன். சேம்பும் பக்கக்கிழங்கு விட்டுப் பரவும். வெட்டிப்போட்ட கிழங்கை வாய்க்காலிலோ ஓடையிலோ எறிய வேண்டாம், போன இடத்தில் வேரூன்றி நீர்வழியையே அடைத்துக்கொள்ளும்.

கோடையை நான் எதிர்பார்க்கவில்லை. எப்போதும் ஈரம் என்று நம்பிய மூலை, மழையில்லாத ஏழாவது வாரத்தில் வெடித்தது. மரம் இருக்கிறதல்லவா, அதன் வேர் அத்தனை தண்ணீரையும் குடித்துவிடுகிறது. அதோடு வடிகாலைத் துளைத்துத் திறந்துவிட்டவனும் நானே. சேம்பு இலை உதிர்த்துக் கிழங்குக்குள் ஒடுங்கியது, பெரணி ஓரம் கருகியது. 5 முதல் 7 செ.மீ. சருகு மூடாக்கு போட்டு, வாரம் இரண்டு முறை ஆழமாகத் தண்ணீர் விட்டேன். தினம் கொஞ்சம் தெளிப்பது மேல்மண்ணை நனைத்து மரவேரை மேலே வரவழைக்கும், அவ்வளவுதான். முதல் மழைக்குப் பதினைந்து நாளில் சேம்பு மறுபடி சுருள் இலை நீட்டியது. இப்போது விடியற்காலையில் போனால் ஒவ்வொரு சேம்பிலை நுனியிலும் ஒரு சொட்டு தொங்கும். பனி என்றுதான் நினைத்திருந்தேன். இலையைத் துடைத்துவிட்டு நின்று பார்த்தேன், சில நிமிடத்தில் அதே நுனியில் புதுச் சொட்டு ஊறியது. இரவெல்லாம் வேர் ஏற்றிய தண்ணீரைச் செடியே வெளியேற்றுகிறது.

இஞ்சி லில்லி நெருக்கமாகிவிட்டது. இந்த வருடம் பிரிக்க வேண்டும், துண்டுக்கு இரண்டு முளைக்கண்ணாவது இருக்கும்படி.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். சொட்டுகிற அந்தத் தோட்டக்குழாய்க்குக் கீழே, சுற்றுச்சுவரின் செங்கல் இடுக்கில், ஆறு மாதம் முன்பு பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. பாசி என்று சுரண்டப் போனேன். கிட்டப் போய்ப் பார்த்தால் நகத்தைவிடச் சின்னதாக, இதய வடிவில், கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய தகடுகள். பெரணியின் முதல் பருவம் அது. காற்றில் வந்த வித்துத்தூள் ஈரத்தில் விழுந்தால் முதலில் இந்தத் தகடாகத்தான் வளரும். அதன்மேல் படிந்த மெல்லிய தண்ணீர்ப் படலத்தில் ஆணணு நீந்திப்போய்ச் சேர்ந்தால்தான் நாம் பார்க்கிற பெரணி பிறக்கும். படலம் காய்ந்தால் கதை முடிந்தது. சுரண்டாமல் விட்டேன். இப்போது கருப்புக் கம்பி மாதிரிக் காம்பும் விசிறி இலையுமாக ஒரு சாண் நீளத்துக்குத் தொங்குகிறது. மேய்டன்ஹேர் பெரணி, சுண்ணாம்புக் காரையை விரும்பி வளர்கிற இனம். மேட்டில் நான் வாளி வாளியாகச் சலித்துக் கொட்டிய அதே காரை.

குழாய்க்குப் புது வாஷர் அப்போதே வாங்கிவிட்டேன். மேசை டிராயரில் கிடக்கிறது.